மூளையின் கொள்ளிடம்: குளூட்டமேட் மிகும்போது தாங்கு செல்களின் நொதிகளுக்கு என்ன நேர்கிறது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து முதுகலை உயிர்வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதியிருக்கிறார். மூளையில் நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களை வளர்த்து, நரம்புச் செல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட்டை அவற்றுக்கு மிகுதியாகக் கொடுத்தால், அதைக் குளூட்டமினாக மாற்றும் குளூட்டமின் சிந்தேஸ் என்னும் நொதியின் செயல்பாடு கூடுகிறது என்று ஓரிடத்திலும் குறைகிறது என்று வேறோரிடத்திலும் படித்ததாகவும், இரண்டில் எதைத் தம் ஆய்வேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் தம் பாட்டியின் நிலைக்குச் சாப்பாட்டில் சேர்த்த அஜினோமோட்டோதான் (மோனோசோடியம் குளூட்டமேட்) காரணம் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு விடை, அந்த இரண்டு கூற்றுகளும் வெவ்வேறு நேரங்களில் சரி என்பதுதான். குளூட்டமேட் மிகுந்த முதல் சில நிமிடங்களில் இந்தச் செல்களின் நொதிகள் முடுக்கம் பெறுகின்றன. மிகுதி நீடித்தால், உள்ளே வந்த குளூட்டமேட்டில் பெரும்பங்கு வேறொரு நொதிப் பாதைக்குத் திரும்புகிறது. மேலும் நீடித்து, கூடவே செல்லின் ஆற்றலும் குறைந்தால், அதே நொதிகள் பழுதடைகின்றன. இந்த மூன்று நிலைகளையும் ‘மிகுதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்து எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது. கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தைக் கற்பித்தபோது, ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு மாணவர் இதே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் காத்திருக்கும் விடை என்பதால் உணவுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 1908-இல் டோக்கியோவில் கிகுனாய் இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருள்தான் குளூட்டமேட். நம் வீட்டுத் தக்காளி ரசத்திலும் அது தனி நிலையில் இருக்கிறது; தாய்ப்பாலில் தனி நிலையில் உள்ள அமினோ அமிலங்களில் மிகுதியானதும் அதுவே. உண்ணும் குளூட்டமேட்டில் மிகப் பெரும்பகுதியைக் குடலின் உட்சுவர்ச் செல்களே எரித்துத் தம் ஆற்றலுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. மீறி இரத்தத்தில் சேரும் சிறுபகுதியையும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. 1969-இல் ஜான் ஓல்னி, பிறந்து சில நாட்களே ஆன சுண்டெலிகளுக்கு மிக அதிக அளவில் மோனோசோடியம் குளூட்டமேட்டைத் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தி, ஹைப்போதலாமசில் நரம்புச் செல்கள் மடிவதைக் காட்டினார். குளூட்டமேட் நஞ்சாக முடியும் என்பதை அந்த ஆய்வு நிறுவியது. ஆனால் ஊசி வழி, அந்த அளவு, தடுப்பு வலுவற்ற மூளைப் பகுதி, பிறந்த சில நாட்களே ஆன வயது ஆகிய நான்கும் சேர்ந்து நிகழ்ந்தது அது. வறுத்த சோற்றில் கலந்த ஒரு சிட்டிகைக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. பாட்டியின் பக்கவாதத்துக்கு மருத்துவர் தேடும் காரணங்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கு போன்றவையே. வீட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், சாதாரண உப்பில் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு சோடியம் என்பதையும் அஜினோமோட்டோவில் ஏறத்தாழ 12 விழுக்காடு என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உணவுக் கேள்விக்கு இது போதும். பக்கவாதத்தின்போது மூளைக்குள் குளூட்டமேட் என்ன செய்கிறது என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூளைத் திசுவில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 15 மில்லி மோல் வரை குளூட்டமேட் இருக்கிறது. ஆனால் அது ஏறத்தாழ முழுவதும் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே உள்ள நீர்மத்தில் சில மைக்ரோ மோல் அளவோ அதற்கும் கீழோதான். ஒரு நரம்புச் செல் அடுத்ததற்குச் செய்தி சொல்லும் கணத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணிய இடைவெளியில் அளவு 1 மில்லி மோலைத் தொட்டு, ஓரிரு மில்லி விநாடிக்குள் இறங்கிவிட வேண்டும். அசிட்டைல்கோலின் வெளிப்பட்டால் அதை அங்கேயே வெட்டிப்போட இடைவெளியில் ஒரு நொதி காத்திருக்கிறது. குளூட்டமேட்டைச் சிதைக்க வெளியில் அப்படி எந்த நொதியும் இல்லை. அதை அள்ளி உள்ளே எடுத்துக்கொள்வது ஒன்றே வழி; அந்த வேலையில் பெரும்பங்கு நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் மேல் விழுகிறது.

காவிரியில் வெள்ளம் வரும்போது முக்கொம்பில் மிகைநீர் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுவதால்தான் தஞ்சை வயல்கள் பிழைக்கின்றன என்பதை டெல்டாவில் பிறந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்ட்ரோசைட்டை நான் வகுப்பில் மூளையின் கொள்ளிடம் என்றே அறிமுகப்படுத்துவேன். ஆனால் அந்த ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் உடனே சொல்லிவிடுவேன். கொள்ளிடத்தில் நீர் தானாகச் சரிந்து ஓடுகிறது. குளூட்டமேட்டோ வெளியில் மிகக் குறைவாகவும் உள்ளே மிக அதிகமாகவும் இருப்பதால், அது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைமடை வயலில் நின்றுவிட்ட தண்ணீரை டீசல் இன்ஜின் வைத்து வாய்க்காலுக்கு இறைப்போமே, அதுதான் சரியான ஒப்புமை. டீசல் இருக்கும்வரை பயிர் தலைகாட்டி நிற்கும். உங்கள் ஊரில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த டீசல் கணக்கை எண்ணிப் பார்த்தால் நொதிகளின் முதல் மாற்றம் தானே விளங்கிவிடும். ஒரு குளூட்டமேட்டை உள்ளே கொண்டுவர, ஆஸ்ட்ரோசைட்டின் சவ்வில் உள்ள கடத்திப் புரதம் அதனுடன் 3 சோடியம் அயனிகளையும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் உள்ளே விட்டு, ஒரு பொட்டாசியம் அயனியை வெளியே அனுப்புகிறது. உள்ளே வந்த 3 சோடியத்தையும் திருப்பி அனுப்ப, சோடியம்–பொட்டாசியம் பம்பு எனப்படும் நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் ஒரு மூலக்கூறைச் செலவழிக்கிறது. பிறகு அந்தக் குளூட்டமேட்டைக் குளூட்டமினாக மாற்ற இன்னொரு ஏ.டி.பி. தேவைப்படுகிறது. ஆக ஒரு குளூட்டமேட்டை ஒதுக்கிவைக்க இரண்டு ஏ.டி.பி. ஆகிறது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை லாக்டேட் வரை உடைத்தால் நிகரமாகக் கிடைப்பதும் சரியாக இரண்டுதான். 1994-இல் லூக் பெல்லரின், பியர் மாஜிஸ்ட்ரெட்டி இருவரும் வளர்ப்பு ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குக் குளூட்டமேட்டைக் கொடுத்து, குளுக்கோஸ் எடுப்பும் லாக்டேட் வெளியீடும் உயர்வதைக் காட்டினார்கள். பம்பை ஊவபெயின் கொண்டு அடைத்தபோது அந்த உயர்வு நின்றது. பம்பு வேகமாக ஓடினால் ஏ.டி.பி. குறைந்து அதன் எச்சமான ஏ.எம்.பி. ஏறும், அதை உணர்ந்து சர்க்கரை உடைப்பைக் கட்டுப்படுத்தும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் நொதி தடை நீங்கி வேகம் கொள்ளும், அதன் பின்னாலுள்ள நொதிகளிலும் ஓட்டம் கூடும். வெளியேறும் லாக்டேட் நரம்புச் செல்லுக்கு முதன்மை உணவாகிறதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்தில் நான் எந்தப் பக்கமும் உறுதியாக நிற்கவில்லை. ஆனால் குளூட்டமேட் வரவால் ஆஸ்ட்ரோசைட்டின் பம்பும் சர்க்கரை உடைப்பு நொதிகளும் முடுக்கப்படுகின்றன என்ற பகுதி மீண்டும் மீண்டும் பல ஆய்வுக்கூடங்களில் பார்க்கப்பட்டது. அதை நீங்கள் துணிந்து எழுதலாம்.

இனிக் குளூட்டமின் சிந்தேசுக்கு வருவோம். இந்த நொதியைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் வயல்தான் நினைவுக்கு வரும். நெல்லுக்கு மேலுரமாக யூரியா தெளித்தால், அது மண்ணில் அம்மோனியமாகி வேரில் ஏறியதும், அதைப் பிடித்துக் குளூட்டமேட்டுடன் சேர்த்துக் குளூட்டமினாக்குவது நெற்பயிரின் குளூட்டமின் சிந்தேஸ். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் வயல்களில் பச்சையைக் கண்ணால் பார்த்துத் தழைச்சத்தை மதிப்பிடும்போது, உண்மையில் இந்த நொதியின் உழைப்பைத்தான் மதிப்பிடுகிறோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதி நம் மண்டைக்குள்ளும் அதே வினையைச் செய்கிறது. பயிர் அம்மோனியத்தைச் சேர்த்துக்கொள்வதற்காகச் செய்வதை, மூளை குளூட்டமேட்டையும் அம்மோனியாவையும் ஒருசேர அடக்குவதற்காகச் செய்கிறது. 1977-இல் மார்டினெஸ்-ஹெர்னாண்டஸ், பெல், நோரன்பர்க் ஆகிய மூவரும் எதிர்ப்புரதம் கொண்டு எலி மூளையில் தேடியபோது, இந்த நொதி ஆஸ்ட்ரோசைட் போன்ற தாங்கு செல்களான கிளையா செல்களில் இருப்பதும் நரம்புச் செல்களில் இல்லாததும் தெரியவந்தது. குளூட்டமின், நரம்புச் செல்லில் குளூட்டமேட்டின் செய்தியைப் பெறும் ஏற்பிகளைத் தூண்டாது. ஆகவே அதை வெளியே விடலாம். நரம்புச் செல் அதை எடுத்து, குளூட்டமினேஸ் நொதியால் மீண்டும் குளூட்டமேட்டாக்கிக்கொள்ளும். கொள்ளிடம் கொண்டுபோன நீர் கடலில் கலந்துவிடுகிறது. மூளையோ வடித்ததைத் தெளியவைத்துத் திரும்பவும் தலைமடைக்கே அனுப்புகிறது.

இந்த ஒரு நொதியை அடைத்தால் என்ன ஆகும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. பிரிட்டனில் எட்வர்ட் மெல்லன்பி 1946-இல், நைட்ரஜன் டிரைகுளோரைடு கொண்டு வெளுத்த கோதுமை மாவைத் தின்ற நாய்களுக்கு வெறி பிடித்தாற்போன்ற ஓட்டமும் வலிப்பும் வருவதை அறிவித்தார். மாவில் உண்டான நஞ்சு மெத்தியோனின் சல்ஃபாக்ஸிமின் என்று பிறகு கண்டறியப்பட்டது. அது குளூட்டமின் சிந்தேசில் குளூட்டமேட் உட்காரும் இடத்தில் போய் உட்காருகிறது; நொதி வழக்கம்போல் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை அதன்மேல் ஏற்றுகிறது. அதன்பின் அது இறங்குவதே இல்லை. குளூஃபோசினேட் என்னும் களைக்கொல்லி செடிகளில் இதே நொதியைத்தான் அடைத்து, இலைகளில் அம்மோனியாவைத் தேக்கிக் கொல்கிறது. ஆய்வேட்டுக்குத் தேவைப்படும் தடுப்பானும் இந்த மெத்தியோனின் சல்ஃபாக்ஸிமின்தான் என்பதால் அதன் வரலாற்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

குளூட்டமேட் வரவு மிதமாக இருக்கும்போது அதில் பெரும்பங்கு குளூட்டமினாகிறது. வரவு பெருகினால் பங்கீடு மாறுகிறது. 1996-இல் மேரி மெக்கென்னாவும் உடனுழைத்தோரும் வளர்ப்பு ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குக் கொடுத்த குளூட்டமேட்டை 0.1 மில்லி மோலிலிருந்து 0.5 மில்லி மோலுக்கு உயர்த்தியபோது, குளூட்டமினாகும் பங்கு குறைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் சிட்ரிக் அமிலச் சுழற்சி வழியாக எரிக்கப்படும் பங்கு உயர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளூட்டமின் சிந்தேஸ் பழுதானதால் இந்த மாற்றம் வரவில்லை. அதன் கொள்ளளவுக்கு மேல் வந்ததை மைட்டோகாண்ட்ரியா எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாதையின் வாசலில் இருப்பவை குளூட்டமேட் டீஹைட்ரோஜினேசும் அஸ்பார்டேட் அமினோடிரான்ஸ்ஃபெரேசும். முன்னது குளூட்டமேட்டை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றி, அம்மோனியத்தை விடுவிக்கிறது; ஏ.டி.பி. செலவாகி அதன் எச்சமான அடினோசின் டைபாஸ்பேட் ஏறினால் முடுக்கப்படுகிறது, ஜி.டி.பி. எனப்படும் குவானோசின் டிரைபாஸ்பேட் ஏறினால் தடைப்படுகிறது. வந்த சரக்கை எரித்தே அதை இறைத்த செலவை ஈடுகட்டுவது இந்த ஏற்பாட்டின் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

எலி ஆய்வுகளை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கும் இந்த நொதியே சான்று. மனிதருக்கும் மனிதக் குரங்குகளுக்கும் குளூட்டமேட் டீஹைட்ரோஜினேசுக்கு இரண்டாவது ஒரு மரபணு இருக்கிறது. சுண்டெலிக்கும் எலிக்கும் அது கிடையாது. அந்த இரண்டாவது வடிவம் ஆஸ்ட்ரோசைட்டுகளிலும் இருக்கிறது. குவானோசின் டிரைபாஸ்பேட்டின் தடைக்கு அது பெரிதும் கட்டுப்படுவதில்லை. ஆற்றல் மிகுந்திருக்கும் நேரத்திலும் குளூட்டமேட்டை எரிக்க முடிகிற கூடுதல் மதகு ஒன்று நம் செல்களில் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது நிலைதான் கவலைக்குரியது. ஆஸ்ட்ரோசைட் ஆக்சிஜன் நஞ்சுகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் குளூட்டாதயோன் என்னும் பொருளை நம்பியிருக்கிறது. அதைத் தயாரிக்கச் சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் வேண்டும். அது வெளியிலிருந்து இரட்டை வடிவமான சிஸ்டினாக வருகிறது. சிஸ்டினை உள்ளே கொண்டுவரும் புரதம் பண்டமாற்று முறையில் இயங்குகிறது: ஒரு சிஸ்டின் உள்ளே வர ஒரு குளூட்டமேட் வெளியே போக வேண்டும். வெளியில் ஏற்கெனவே குளூட்டமேட் நிறைந்திருந்தால் இந்த மாற்று நடப்பதில்லை. மணிக்கணக்கில் அந்த நிலை தொடர்ந்தால் குளூட்டாதயோன் வற்றுகிறது. குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்னும் நொதி முழுமையாக இருந்தும் அதற்கு வேலைசெய்யப் பொருள் இல்லாமல் போகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தேங்குகிறது. நொதியின் அளவு குறையாமலே அதன் பயன் குறையும் இந்த நிலையை, செல்லை நொறுக்கிச் சோதனைக் குழாயில் அளக்கும் முறை காட்டவே காட்டாது.

தேங்கும் ஆக்சிஜன் நஞ்சுகளுக்கு முதலில் பலியாகும் நொதிகளில் ஒன்று குளூட்டமின் சிந்தேஸ் என்பதுதான் இந்தக் கதையின் துயரமான திருப்பம். 1980-களில் ரோட்னி லெவின், ஏர்ல் ஸ்டாட்மன் ஆகியோர் பாக்டீரியாவின் குளூட்டமின் சிந்தேசை எடுத்துக்கொண்டு, உலோக அயனி முன்னிலையில் ஆக்சிஜனேற்றம் அதன் அமினோ அமிலங்களைச் சிதைத்துச் செயலிழக்கச் செய்வதையும், சிதைந்த நொதி விரைவில் அழிக்கப்படுவதையும் விளக்கினார்கள். விலங்கு மூளையில் நைட்ரிக் ஆக்சைடு வழியாகவும் ஒரு தாக்குதல் வருகிறது. குளூட்டமேட் தன் ஏற்பிகளில் ஒரு வகையான என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தூண்டும்போது நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, அதிலிருந்து பிறக்கும் பெராக்ஸிநைட்ரைட் இந்த நொதியின் டைரோசின் எச்சங்களில் நைட்ரோ குழுவை ஏற்றி முடக்குகிறது. எலிகளில் அந்த ஏற்பிகளைத் தடுத்தால் மூளையில் குளூட்டமின் சிந்தேசின் செயல்பாடு கூடுவதும் காணப்பட்டிருக்கிறது. ஆகவே குளூட்டமேட் மிகுதி இந்த நொதியைக் கெடுக்கிறது. நொதி கெட்டால் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் குளூட்டமேட் குவிகிறது. உள்ளே குவிந்தால் வெளியிலிருந்து எடுப்பது கடினமாகிறது. வெளியில் மேலும் மிகுதியாகிறது. வடிகால் தூர்ந்தால் வெள்ளம், வெள்ளம் வந்தால் வண்டல் படிந்து வடிகால் மேலும் தூர்தல் என்று நாம் பார்க்கும் அதே வட்டம்தான்.

காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது இதனால் கடினமாகிறது. பொட்டெலும்புப் பக்க மூளைமடலில் தோன்றும் வலிப்பு நோய்க்காக அறுவை செய்து எடுக்கப்பட்ட, ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் திசுவில் குளூட்டமின் சிந்தேஸ் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருப்பதை 2004-இல் டோரே ஈட் தலைமையிலான குழு வெளியிட்டது. வலிப்புகள் நொதியைத் தின்றிருக்கலாம் என்று அப்போது சொல்ல முடிந்தது. 2008-இல் அதே குழுவினர் நலமான எலிகளின் ஹிப்போகேம்பசில் மெத்தியோனின் சல்ஃபாக்ஸிமினைத் தொடர்ந்து செலுத்தியபோது, திரும்பத் திரும்ப வலிப்பு வந்தது. ஆகவே நொதிக் குறைவு காரணமாகவும் இருக்கக்கூடும். ஆய்வேடுகளில் ‘குளூட்டமேட் மிகுதியால் நொதி குறைகிறது’ என்று ஒருவழி அம்பு போட்டு எழுதப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையான நோய்களில் அந்த அம்பு பெரும்பாலும் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. 1997-இல் ஆஸ்ட்ரோசைட்டின் முதன்மைக் குளூட்டமேட் கடத்தியை மரபணு மாற்றத்தால் நீக்கிய சுண்டெலிகள் வலிப்பு வந்து இளம் வயதிலேயே இறந்தன. அங்கே வெளியிலிருந்து யாரும் குளூட்டமேட்டைக் கொண்டுவந்து கொட்டவில்லை.

பாட்டியின் நோயில் நடப்பதும் இந்த எதிர்த்திசை நிகழ்ச்சிதான். இரத்தக் குழாய் அடைபட்ட இடத்தில் ஆக்சிஜனும் குளுக்கோசும் வராமல் ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது, பம்பு நிற்கிறது, சோடியம் உள்ளேயும் பொட்டாசியம் வெளியேயும் தேங்குகின்றன. அப்போது குளூட்டமேட் கடத்தி வெறுமனே நிற்பதோடு முடிவதில்லை, தலைகீழாக ஓடத் தொடங்குகிறது. கிளையா செல்லிலிருந்து இவ்வாறு குளூட்டமேட் வெளிவர முடியும் என்பதை 1990-இல் சாட்கோவ்ஸ்கி, பார்பர், அட்வெல் மூவரும் காட்டினார்கள். கடுமையான இரத்தத் தடையில் நரம்புச் செல்களின் கடத்திகளே பெரும்பங்கு குளூட்டமேட்டைக் கொட்டுகின்றன என்பதை 2000-இல் அட்வெல் குழுவே மேலும் தெளிவுபடுத்தியது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் கடல் ஓதம் ஏறும்போது வடிகால் வழியாகவே உப்புநீர் உள்ளே எதிர்த்து வருமே, அதைப் பார்த்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. எலியின் ஹிப்போகேம்பசில் 10 நிமிடம் இரத்தம் நின்றபோது வெளிக் குளூட்டமேட் ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்ந்ததை 1984-இல் பென்வெனிஸ்டே அளந்தார். பக்கவாதத்தில் குளூட்டமேட் நஞ்சாவது இவ்வழியில். சமையலறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உறவினருக்கு நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

அம்மோனியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த நொதியின் கதை முழுமையாகாது. என் பெரியப்பா ஒருவர் கல்லீரல் சுருக்கத்தால் துன்பப்பட்டார். மன்னார்குடியில் அவர் வீட்டுத் திண்ணையில் ஒருநாள், நீட்டிய கை சிறகடிப்பதுபோல் படபடக்க, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் கொடுத்து இரண்டு நாட்களில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் அடக்க முடியாதபோது அது மூளைக்குச் செல்கிறது. அங்கே அதை அடக்கும் ஒரே முதன்மை நொதி ஆஸ்ட்ரோசைட்டின் குளூட்டமின் சிந்தேஸ்தான். நொதி தன் கடமையைச் செய்கிறது. ஆனால் விளைபொருளான குளூட்டமின் செல்லுக்குள் குவிந்து நீரை இழுக்க, செல் வீங்குகிறது. குளூட்டமேட் மிகுதியில் நொதி பழுதானால் துன்பம். அம்மோனியா மிகுதியில் நொதி நன்றாக உழைப்பதாலேயே துன்பம். குளூட்டமேட் டீஹைட்ரோஜினேஸ் பாதை அம்மோனியத்தை விடுவிக்கிறது என்று முன்பு சொன்னதை இங்கே சேர்த்து எண்ணிப் பாருங்கள்: இரண்டு நொதிகளும் ஒன்றின் கழிவை மற்றொன்று ஏற்கும்படி பிணைந்திருக்கின்றன; ஒன்றை மட்டும் அளந்து முடிவு சொல்ல இயலாது.

தாங்கு செல்கள் எல்லாம் ஒரே தாங்குதிறன் கொண்டவையும் அல்ல. 1987-இல் டென்னிஸ் சோய் குழுவினர் வளர்ப்புச் செல்களுக்கு 5 நிமிடம் மட்டும் குளூட்டமேட்டைக் கொடுத்துக் கழுவிவிட்டபோது, நரம்புச் செல்கள் அடுத்த நாளுக்குள் பெருமளவு மடிந்தன; உடனிருந்த கிளையா செல்கள் பிழைத்தன. ஆனால் நரம்பிழைகளுக்கு உறை போடும் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் அவ்வளவு தாங்குவதில்லை. அவற்றின் ஏ.எம்.பி.ஏ., கைனேட் எனப்படும் குளூட்டமேட் ஏற்பிகள் வழியாகவே அவை மடியக்கூடும். ‘கிளையா செல்’ என்று பொதுவாக எழுதாமல் எந்த வகை என்று குறிப்பிடுங்கள்.

இனி உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த முடிவுகள் மோதிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. வழக்கமான வளர்ப்பு நீர்மத்தில் குளூட்டமின் 2 முதல் 4 மில்லி மோல் வரை கலந்திருக்கும். குளூட்டமின் நிறைந்திருந்தால் செல் தன் குளூட்டமின் சிந்தேஸ் புரதத்தை விரைவாக அழித்துக் குறைத்துக்கொள்ளும். மாறாக, ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஹார்மோன்கள் அதே நொதியை உயர்த்தும். கன்றின் சீரத்தில் அவை எவ்வளவு இருக்கின்றன என்பது ஒவ்வொரு தொகுப்புக்கும் மாறும். குளூட்டமேட்டைச் சேர்க்கும் முன்பே நொதி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை இவை தீர்மானித்துவிடுகின்றன. குளூட்டமின் இல்லாத நீர்மத்தில், சீரத்தை நீக்கி அல்லது ஒரே தொகுப்பை இறுதிவரை பயன்படுத்தித் தொடங்குங்கள். குளூட்டமேட்டை அமிலமாகச் சேர்த்தால் காரகாடித்தன்மை எண் (pH) இறங்கும். சோடியம் உப்பாகப் பல மில்லி மோல் சேர்த்தால் சோடியமும் ஊடுபரவல் அழுத்தமும் ஏறும். ஆகவே அதே அளவு சோடியம் குளோரைடு சேர்த்த கிண்ணம் ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நொதியை அளக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஹைட்ராக்சில்அமினைக் கொடுத்து, விளையும் பொருளை ஃபெரிக் குளோரைடுடன் பழுப்பாக்கி நிறமானியில் படிக்கும் பழைய முறை எளிது, நம்பத்தக்கது. நானும் அதைத்தான் கற்பித்தேன். ஆனால் அதில் குளூட்டமேட்டும் ஏ.டி.பி.யும் மெக்னீசியமும் நிறைவாகக் கொடுக்கப்படுவதால், கிடைக்கும் எண் நொதியின் முழுக் கொள்ளளவு. உயிருள்ள செல்லில் அப்போது நடந்த ஓட்டம் எவ்வளவு என்பது அந்த எண்ணில் இருக்காது. ஏ.டி.பி. வற்றிய செல்லில் ஓட்டம் நின்றுபோயிருக்க, நொறுக்கிய சாற்றில் நொதி முழு வேகம் காட்டலாம். வாய்க்காலின் அகலத்தை அளந்துவிட்டு, அதில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று எழுதுவதைப் போன்ற பிழை அது. இதற்காக, நீர்மத்தில் குறையும் குளூட்டமேட்டையும் சேரும் குளூட்டமினையும் தனியாக அளந்து நொதி எண்ணின் அருகில் வையுங்கள். செல் மடிந்தால் லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் வெளியே கசியும். அதையும் அளந்து, ‘செயல்பாடு குறைந்தது’ என்பது நொதி குறைந்ததா, செல்களே குறைந்தனவா என்று பிரித்துக் காட்டுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை 10 நிமிடம், 1 மணி, 6 மணி, 24 மணி ஆகிய நான்கு நேரங்களில் எடுத்தால், நான் மேலே சொன்ன மூன்று நிலைகளும் உங்கள் சொந்த வரைபடத்திலேயே தெரியக்கூடும். குளூட்டமேட் உள்ளே வருவதன் விளைவையும், உள்ளே வந்தபின் அது மாற்றப்படுவதன் விளைவையும் பிரிக்க, குளூட்டமேட்டை ஒத்த டி-அஸ்பார்டேட் உதவும். கடத்தி அதை ஏற்று உள்ளே விடும், ஆனால் குளூட்டமின் சிந்தேசும் டீஹைட்ரோஜினேசும் அதைத் தொடுவதில்லை. டி-அஸ்பார்டேட் கொடுத்த கிண்ணத்திலும் லாக்டேட் ஏறினால் அது இறைக்கும் செலவின் கணக்கு. குளூட்டமேட் கொடுத்த கிண்ணத்தில் மட்டும் மாறுவது எதுவோ அதுவே வளர்சிதை மாற்றத்தின் கணக்கு. அம்மோனியாவையும் அதே கிண்ணத்து நீர்மத்தில், எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து அளந்துவிடுங்கள். மேசையில் வைத்திருந்தால் குளூட்டமின் தானே சிதைந்து அந்த எண்ணைக் கூட்டிவிடும்.